கை தூக்கும்போது

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்றரை மணி. கெலிஓயாவில் எங்கள் மைதானம் என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் நிலத்தில் நான்கு மூலைகளில் மட்டும்தான் புல் இருக்கிறது. நடுவில் மண்; மழை பெய்தால் சேறு. அன்று புதிதாக ஒரு பையன் வந்திருந்தான். பத்து வயது இருக்கும். போட்டிருந்தது அண்ணனுடைய புட்ஸ். இரண்டு சைஸ் பெரிது, முன்பக்கம் பத்திரிகைத் தாள் திணித்திருந்தது. லேஸ் அவிழ்ந்து கிடந்ததால் குந்தியிருந்து கட்டிவிட்டேன். எழும்பும்போது சேட்டுக் கொலர் உள்ளே மடிந்து கிடப்பதைக் கண்டு, அதை எடுத்துவிடக் கையைத் தூக்கினேன்.

பையன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டான்.

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். "சேர் அடிக்க மாட்டார்டா" என்று ஒருவன் அவனுக்குத் தைரியம் சொன்னான். நான் அந்த மைதானத்தில் யாரையும் அடித்ததில்லை. ஆனால் அது அவனுக்கு எப்படித் தெரியும்? தூக்கிய கை கீழே வரும் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்திருந்தது. கொலரை அப்படியே விட்டுவிட்டுக் கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அன்று பின்னேரம் முழுக்க எனக்கு என் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நான் பயிற்றுவிப்பாளர் அல்ல. கிழமை நாட்களில் கண்டியில் ஒரு கந்தோரில் கணக்கெழுதுகிறவன். சிறுவயதில் கொஞ்சம் உதைபந்து ஆடினேன் என்ற ஒரே தகுதியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பிள்ளைகளோடு நிற்கிறேன். கண்டி என்றால் ரகர்தான். நித்தவெல மைதானமும் பிராட்பி கேடயமும் இருக்கிற ஊரில் உதைபந்து எப்போதும் சின்ன வீட்டுப் பிள்ளை. ஆனாலும் கம்பளை, கெலிஓயா, அக்குறணைப் பக்கங்களில் சந்துக்குச் சந்து பந்து உருளும். அந்தச் சந்துகளில் உருளும் பந்துக்குப் பின்னால் ஒரு வளர்ந்த ஆள் நிற்பான். பிள்ளைகள் அவனை 'சேர்' என்பார்கள். சான்றிதழ் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. என்னிடமும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை அந்தப் பையனின் தாய் வந்தார். தோட்டத்துப் பக்கமிருந்து டவுனுக்குக் குடிவந்த குடும்பம். "கண்ண மட்டும் உட்டுட்டு எங்க வேணும்னாலும் அடிங்க சேர், நல்லா ஆடுனாப் போதும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தமிழ் பேசும் எந்த ஊருக்குப் போனாலும் இந்த வாசகத்தைக் கேட்கலாம். பிள்ளையை வாத்தியார் கையில் ஒப்படைக்கும்போது சொல்லும் ஒப்பந்தம் அது. மரியாதைக்காகச் சொல்வது, யாரும் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வதில்லை என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

அந்த ஒப்பந்தத்தில் காதைப் பற்றி ஒன்றுமில்லை. 2017இல் நம் நாட்டின் தெற்கே ஒரு பாடசாலையில் ஆசிரியர் ஒருவர் மாணவனை அறைந்தார். மாணவனின் ஒரு காது கேட்காமல் போனது. பெற்றோர் அடிப்படை உரிமை வழக்குப் போட்டார்கள். 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதியரசர் எஸ். துரைராஜா. அரசு ஐந்து இலட்சம் ரூபாவும், அறைந்த ஆசிரியர் தன் சொந்தப் பணத்தில் ஒன்றரை இலட்சமும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. இத்தனைக்கும் பாடசாலையில் பிள்ளைகளை அடிக்கக் கூடாதென்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றுநிருபம் அனுப்பியிருந்தது. சுற்றுநிருபம் அதிபரின் மேசை வரைக்கும் வரும். அங்கிருந்து வகுப்பறைக்கு வரப் பதினாறு வருடமும் ஒரு காதும் தேவைப்பட்டன. மைதானத்துக்கோ சுற்றுநிருபமே வருவதில்லை.

மைதானத்தில் அடி என்றால் கை மட்டும் என்று நினைக்கிறோம். வெயிலில் பத்து ரவுண்ட் ஓட விடுவதும், தவறாக உதைத்தவனை எல்லோர் முன்னாலும் 'மாடு' என்று கூப்பிடுவதும், தண்ணீர் குடிக்க விடாமல் நிறுத்துவதும் நம் கணக்கில் பயிற்சிதான். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். எங்களுக்கு வாய்த்த ஒருவர் விசிலை நூலோடு சுழற்றி முழங்கால் பின்னால் அடிப்பார். இன்றைக்கும் பழைய சிநேகிதர்கள் கூடினால் அதைச் சொல்லிச் சிரிப்போம். "அவர் அடிச்ச அடியிலதான்டா நாம மனுசனானம்" என்று ஒருவன் சொல்வான், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அந்த அடிக்குப் பிறகு மைதானத்துப் பக்கமே வராமல் போன இரண்டு பேரை நாங்கள் ஒருநாளும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை. அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமுமில்லை போலும்.

நன்னடத்தை என்ற சொல்லை நம் நாட்டில் எங்கே பார்க்கிறோம் என்று ஒருநாள் யோசித்தேன். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம். தவறு செய்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகத்தருக்கு நன்னடத்தை அலுவலர் என்று பெயர். பாடசாலையை விட்டுப் போகிற மாணவன் வாங்கிக்கொண்டு போகவேண்டிய தாளுக்கு நற்சான்றிதழ் என்று பெயர். ஒழுக்கம் எப்போதும் சின்னவனிடம்தான் கேட்கப்படுகிறது. பெரியவன் அதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். பாதுகாப்பு என்ற சொல்லின் கதை இன்னும் மோசம். முப்பது வருடம் சோதனைச் சாவடிகளில் கேட்டுப் பழகிய சொல். பாதுகாப்பு என்றால் துவக்கும் மண்மூட்டையும் என்றுதான் என் வயதுக்காரர்களின் மனதில் படம் விரியும். ஒரு பிள்ளை பயமில்லாமல் புட்ஸைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போவதற்கு அதே சொல்லைப் பயன்படுத்த நாக்கு கூசுகிறது.

இனி எனக்கு நேர்ந்த அவமானத்தைச் சொல்கிறேன். அவமானம் என்று அப்போது நினைத்தேன்.

நாலைந்து வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மழைக்காலம். பயிற்சி முடிந்து எல்லோரும் போனபிறகு ஒரு சின்னவன் மட்டும் நிற்பான். வீடு மேட்டுப் பக்கம். வாப்பா வெளிநாட்டில், உம்மா வேலைக்குப் போகிறவர். இருட்டிவிடும் என்று நானே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவேன். மூன்று ஞாயிறு அப்படிப் போனது. மூன்றாவது ஞாயிறு வாசலில் அவனுடைய மூத்தம்மா நின்றார். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மகன், இனி இவர தனியக் கூட்டிட்டு வராதீங்க. வேற புள்ளயளோட த்ரீவீலர்ல அனுப்பிவிடுங்க, காசு நான் தாறன்."

ஏன் என்று அவர் சொல்லவில்லை. தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

என்னையா? என்னைப் பார்த்தா? இந்தக் கேள்வியோடு இரண்டு கிழமை நித்திரையில்லாமல் கிடந்தேன். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊருக்கே என்னைத் தெரியும். ஞாயிறும் பெருநாளும் பார்க்காமல் இந்தப் பிள்ளைகளோடு நிற்பதற்கு ஐந்து சதம் வாங்கியதில்லை. மூன்றாவது கிழமை மைதானத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். வேண்டுமென்றேதான். பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஒரு அற்பத் திருப்தி இருந்ததையும் மறைக்கக் கூடாது.

அந்த வீம்பை இறக்கியது இங்கிலாந்துக் கதை ஒன்று. 2016 நவம்பரில் அன்டி வூட்வர்ட் என்ற முன்னாள் உதைபந்து ஆட்டக்காரர், சிறுவனாக இருந்தபோது தன் பயிற்றுவிப்பாளர் தனக்குச் செய்த பாலியல் கொடுமையை 'த கார்டியன்' பத்திரிகைக்குப் பேர் சொல்லி, முகம் காட்டிச் சொன்னார். அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக வளர்ந்த ஆண்கள் வந்து சொன்னார்கள். அந்தப் பயிற்றுவிப்பாளர் பெரி பெனல். 2018இல் அவருக்கு 31 வருடச் சிறை. 2023இல் சிறையிலேயே இறந்தார். கிளைவ் ஷெல்டன் என்ற சட்டத்தரணி இங்கிலாந்து உதைபந்துச் சங்கத்துக்காக 1970 முதல் 2005 வரையான காலத்தை விசாரித்து 2021 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார். தெரியவந்த அளவில் மட்டும் சந்தேகத்துக்குரியவர்கள் 240 பேர், பாதிக்கப்பட்டவர்கள் 692 பேர்.

எண்களை விட என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. பெனலைப் பற்றி ஊரில் இருந்த பேச்சு. பிள்ளைகளைக் கண்டுபிடித்து வளர்ப்பதில் கெட்டிக்காரர் என்றுதான் பெயர். பையன்கள் அவருடைய வீட்டிலேயே தங்கினார்கள். பெற்றோர் தாமாகவே அனுப்பினார்கள், நன்றியோடு அனுப்பினார்கள். காரில் ஏற்றிக்கொண்டு போவார், பரிசுகள் கொடுப்பார், நேரம் பார்க்காமல் உழைப்பார். நான் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தது.

அப்போதுதான் மூத்தம்மா சொன்னது விளங்கியது. அவர் என்னைச் சந்தேகப்படவும் இல்லை, நம்பவும் இல்லை; அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் செய்தார். நல்லவன் என்பதால் எனக்குத் தரப்படும் சலுகை எதுவோ, அதைத்தான் கெட்டவனும் கேட்பான். அவனும் நல்லவன் என்ற முகத்தோடுதான் கேட்பான். ஊரில் பத்து நல்ல சேர்மார் பிள்ளைகளைத் தனியாக ஏற்றிக்கொண்டு திரிந்தால், பதினோராவது ஆள் ஏற்றிக்கொண்டு போவதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பத்துப் பேரும் ஏற்றுவதில்லை என்றால், பதினோராவது மோட்டார் சைக்கிள் சந்தியைத் தாண்டுவதற்குள் கடைக்காரர் கேட்பார். என் நல்ல குணத்தால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. நான் ஏற்றாமல் விடுவதால் இருக்கிறது.

இதை ஒழுக்கம் என்று சொல்வதை விட ஏற்பாடு என்று சொல்லலாம். நடைபாதை மாதிரி, தெருவிளக்கு மாதிரி. வளர்ந்த ஆள் ஒருவர் பிள்ளை ஒருவரோடு யார் கண்ணுக்கும் படாத இடத்தில் இருக்கக் கூடாது. பேசவேண்டுமென்றால் மைதானத்தின் நடுவில் நின்று பேசலாம். காதுக்கு எட்டாத தூரம், கண்ணுக்கு எட்டும் தூரம். வட்ஸ்அப்பில் பிள்ளைக்குத் தனியாக எதுவும் அனுப்பக் கூடாது, பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும். உடுப்பு மாற்றும் அறைக்குள் தேவையில்லாமல் போகக் கூடாது. எங்களுக்கு அறையே இல்லை, மரத்தடிதான், அதனால் அந்தப் பிரச்சினை வேறு விதத்தில் இருக்கிறது. தொடவேண்டியிருந்தால் முதலில் சொல்லிவிட்டுத் தொடவேண்டும். த்ரோ எறியும்போது தோள் எப்படி இருக்கவேண்டும் என்று காட்ட, "தோளைப் பிடிச்சுக் காட்டவா?" என்று கேட்கிறேன். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருவன், "சேர் என்ன டொக்டரா?" என்றான். இப்போது சிலர் "வேணாம் சேர், நீங்க செஞ்சு காட்டுங்க" என்கிறார்கள். பிள்ளையின் வாயிலிருந்து 'வேணாம்' என்ற சொல் பயமில்லாமல் வருவதை நான் கண்டது அங்கேதான். என் வீட்டில்கூட அது அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

பெரிய இடங்களில் அதிகாரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அணித் தேர்வில். 2014 கடைசியில் இலங்கை மகளிர் கிரிக்கெட்டில், அணியில் இடம் வேண்டுமென்றால் வீராங்கனைகளிடம் பாலியல் இலஞ்சம் கேட்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஓய்வுபெற்ற நீதியரசர் நிமல் திசாநாயக்க தலைமையில் குழு அமைந்து, அடுத்த வருடம் துன்புறுத்தல் நடந்திருக்கிறது என்று சொன்னது. அவர்கள் வளர்ந்த பெண்கள், நாட்டுக்காக ஆடுகிறவர்கள். அவர்களுக்கே அந்த நிலை என்றால், பதினொரு பேர் கொண்ட பட்டியலில் தன் பெயர் வருமா என்று தொண்டை வறண்டு நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை யோசித்துப் பாருங்கள். என் கையில் இருக்கும் பென்சில் அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியுமா? நானே நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது பட்டியலை நான் மட்டும் எழுதுவதில்லை. வேறு இரண்டு பேரும் நானும் சேர்ந்து எழுதுகிறோம். அதனால் அணி பலமாகிவிடவில்லை. தோற்றுக்கொண்டுதான் இருக்கிறோம்.

உலக உதைபந்துச் சம்மேளனமான பீபா 2019இல் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று வழிகாட்டி ஒன்றை எல்லா நாட்டுச் சம்மேளனங்களுக்கும் கொடுத்தது. அதே பீபா 2023 ஜனவரியில் இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தி, ஓகஸ்டில் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அந்த ஏழு மாதமும் கெலிஓயாவில் ஒரு ஞாயிறுகூடப் பந்து நிற்கவில்லை. மேலே நடப்பது கீழே வந்து சேராத நாட்டில் அது ஒரு வசதி. வழிகாட்டியும் அதே போல் வந்து சேரவில்லை என்பதுதான் விலை.

பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை? வெட்கம், பயம் என்று எல்லோரும் சொல்வதைத் தாண்டி எனக்குத் தோன்றுவது ஒன்று. சொல்வதற்குச் சொல் இல்லை. உடம்பின் சில இடங்களுக்கு நாம் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கும் தமிழ் என்ன? வீட்டில் 'அந்த இடம்'. இல்லையென்றால் மூன்று வயதுக் கொஞ்சல் சொல். பத்து வயதில் மைதானத்தில் அவன் சரியான சொற்களைக் கற்றுக்கொள்கிறான், ஆனால் தூஷணமாக. ஆக, தனக்கு நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தால் அவன் வாயிலிருந்து வரப்போவது தூஷணம். தூஷணம் பேசினால் நாம் என்ன செய்வோம் என்பது அவனுக்குத் தெரியும். எங்கள் மைதானத்தில் மூன்று பாஷை கலந்து ஓடுகிறது. சிங்களத்திலும் நிலைமை பெரிதாக வேறில்லை என்று சிங்களப் பிள்ளைகளின் பெற்றோர் சொல்கிறார்கள்.

யாராவது ஒரு பிள்ளை வந்து சொன்னால் நான் என்ன சொல்லவேண்டும் என்று குளியலறைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிரிப்பாக இருக்கலாம். வாயில் முதலில் வரும் வசனம், "நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன், நீ சொல்லு" என்பதுதான். அதைத்தான் சொல்லக் கூடாது. சொல்லாமல் இருக்க என்னால் முடியாது, இருக்கவும் கூடாது. பத்துக் கேள்வி கேட்டுப் பொலிஸ்காரன் மாதிரி துருவக் கூடாது. 'நிச்சயமாத் தெரியுமா?' என்று கேட்கக் கூடாது. "நீ சொன்னது நல்லது, உன்ட பிழை இல்ல" என்று சொல்லிவிட்டு, கேட்டதைக் கேட்டபடி எழுதிவைத்து 1929க்கு அழைக்கவேண்டும். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. இருபத்துநாலு மணி நேரமும் மூன்று மொழியிலும் எடுப்பார்கள், காசு இல்லை. பெரிய மனிதர்கள் நாலு பேர் கூடி, பள்ளிவாசலிலோ கோயிலிலோ வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. காணிச் சண்டைக்கு அது நல்லது. இதற்கு அப்படிக் கூடினால் தீருவது பெரியவர்களின் தலைவலி மட்டும். பிள்ளை அந்த ஆளை அடுத்த நாளும் சந்தியில் சந்திக்கவேண்டும்.

கெட்ட மனிதர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் எங்கள் மைதானத்தில் என்னை அதிகம் பயமுறுத்துவது ஆறு.

கெலிஓயாவின் பெயரிலேயே ஓயா, அதாவது ஆறு, இருக்கிறது. மகாவலி பக்கத்தில். பயிற்சி முடிந்தால் வியர்வையோடு பையன்கள் ஆற்றில் குதிக்கப் போவார்கள். நாங்களும் போனோம். மேலே கொத்மலையில் நல்ல மழை என்றால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும். நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பழகியவர்கள் கண்டுபிடிப்பார்கள், பத்து வயதுப் பிள்ளை கண்டுபிடிக்காது. பயிற்சி முடிந்த விசிலோடு என் பொறுப்பும் முடிந்ததா? சட்டத்தில் எப்படியோ, தாய்மாரின் மனதில் முடிவதில்லை. 'கிரவுண்டுக்குப் போறன்' என்று சொல்லிவிட்டுத்தான் பிள்ளை ஆற்றுக்கும் போகிறது.

தாய்லாந்துக் குகையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2018 ஜூன் 23, உதைபந்துப் பயிற்சி முடிந்து பன்னிரண்டு பையன்களும் இருபத்தைந்து வயது உதவிப் பயிற்றுவிப்பாளர் எக்கபொல் சந்தவோங்கும் தாம் லுவாங் குகைக்குள் போனார்கள். மழை வெள்ளம் பின்னால் வழியை மூடியது. ஜூலை 2ஆம் திகதிதான் ஆட்கள் அவர்களைக் கண்டுபிடித்தார்கள், 10ஆம் திகதி கடைசி ஆள் வெளியே வந்தார். மழைக்காலத்தில் பிள்ளைகளைக் குகைக்குள் விட்டது அந்தப் பயிற்றுவிப்பாளருடைய பிழையா? பிழைதான். இருட்டில் பிள்ளைகளைப் பதற்றமில்லாமல் தியானத்தில் உட்காரவைத்துக் காப்பாற்றியது யார்? அவரேதான், முன்பு பிக்குவாக இருந்தவர். உள்ளேயிருந்து பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். பெற்றோர் எழுதிய கடிதங்களில் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள் என்றிருந்தது. அந்தக் கடிதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. அத்தனை பெரிய மனம் எனக்கு வாய்க்குமா என்று தெரியாது. வாய்க்கவேண்டிய நிலை வரக் கூடாது என்பதே என் பிரார்த்தனை. இன்னொன்றும். அந்தப் பயிற்றுவிப்பாளரும் மூன்று பையன்களும் நாடற்றவர்கள். மீண்டு வந்தபிறகுதான் ஓகஸ்டில் அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. 1948இல் குடியுரிமை பறிபோன மலையகத்தில் பிறந்தவனுக்கு அந்தச் செய்தி தூர தேசத்துச் செய்தியாகப் படவில்லை.

2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய பதினாறு வயது மாணவன் சுகவீனமாகி இறந்தான். ஊரே வீதிக்கு வந்தது. அந்தச் செய்தியைப் படித்த கிழமைதான் நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன்.

கொப்பியில் கோடு போட்டு ஆறு பத்தி. பெயர், வந்த நேரம், போன நேரம், யாரோடு போனார், வீட்டுத் தொலைபேசி, வருத்தம் ஏதாவது. கடைசிப் பத்தியை நிரப்பச் சொல்லித் தாய்மாரிடம் கொடுத்தபோதுதான், மூன்று வருடமாக என்னோடு ஆடிக்கொண்டிருந்த ஒருவனுக்கு இழுப்பு இருப்பது தெரிந்தது. இன்ஹேலர் வீட்டில் அலுமாரியில் இருந்தது. "கோச் ஓட வேணாம்னு சொல்லிருவார்னு மகன் சொல்ல வேணாம்டான்" என்றார் தாய். என் மேல் அவனுக்கிருந்த மரியாதைக்கு அந்தப் பயம்தான் பெயர்.

கோல் கம்பங்களையும் அந்தக் கிழமைதான் நிமிர்ந்து பார்த்தேன். ஜீ.ஐ. குழாயில் வெல்டிங் பண்ணி, தூக்கிக்கொண்டு திரிய வசதியாகச் செய்தது. பிள்ளைகள் அதில் தொங்குவார்கள், நாங்கள் சத்தம் போடுவோம், திரும்பவும் தொங்குவார்கள். கம்பம் நிலத்தோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்கவேண்டும் என்பது உதைபந்தின் முதலாவது விதியிலேயே இருக்கிறது. அப்படிப் பிணைக்காத கம்பம் சாய்ந்து பல நாடுகளில் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். சிமெந்துப் பேக்கில் மணல் நிரப்பிப் பின் குழாயில் கட்டினோம். செலவு முந்நூறு ரூபாகூட வரவில்லை. இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டால், ஒப்சைட் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன்.

பெண்பிள்ளைகளும் ஆட வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். சில வீடுகளில் தயங்கினார்கள். ஒரு தாய், பின்னல் வேலையை எடுத்துக்கொண்டு வந்து வேலிக்கரையில் கதிரை போட்டு உட்கார்ந்தார். அடுத்த கிழமை இரண்டு கதிரை. தயக்கம் போனது. அந்தத் தாய்மாருக்குச் சம்பளமில்லை, தொப்பியில்லை, விசிலில்லை. ஆனால் மைதானத்தில் நடப்பது எல்லாவற்றையும் அவர்கள் பார்க்கிறார்கள், என்னையும் சேர்த்து. ஆரம்பத்தில் முதுகில் குறுகுறுப்பாக இருந்தது. இப்போது அவர்கள் வராத நாளில்தான் ஏதோ குறைகிறது.

போன சித்திரையில் ஒரு ஞாயிறு. பின்னேரம் இடி முழங்கும் காலம். ஹந்தானை மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் மின்னலுக்கே விசில் ஊதிவிட்டேன். ஒன்றுக்கு மூன்று கோல் அடித்து முன்னுக்கு நின்ற அணிக்குக் கோபம். மரத்தடிக்கு ஓடப் பார்த்தவர்களைத் திருப்பி, பாதையோரக் கடைக்குள் சேர்த்தோம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணச் சொன்னேன். முப்பதுக்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீற்றருக்குள், வெளியே நிற்கக் கூடாது. முழுக் கடையும் எண்ணியது. சிலர் தமிழில், சிலர் சிங்களத்தில். "பதினொண்டு" என்று வருகையில் கூரை அதிர்ந்தது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் இறங்கலாம் என்றேன். அதற்குள் இருட்டிவிடும் என்று அவர்களுக்கும் தெரியும்.

மழை விட்டதும் ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போக ஆட்கள் வந்தார்கள். குடையோடு, தலையில் ஷொப்பிங் பேக்கோடு, த்ரீவீலரில் நாலு பேராக. கொப்பியை மேசையில் வைத்துப் பெயர்களை வாசித்து, யாரோடு போகிறார்கள் என்று எழுதினேன். எல்லாம் முடிந்தது என்று மூடிவிட்டு, கடைக்காரரிடம் பிளேன்டி ஒன்று கேட்டேன்.

பின்னால் ஒரு கை உயர்ந்தது. பெரிய புட்ஸ்காரன், பத்திரிகைத் தாள் நனைந்து விரல் பக்கமாக வெளியே பிதுங்கியிருந்தது. தண்ணீர் கேட்கிறான் என்று நினைத்தேன்.

"சேர், என்ட பேர வாசிக்கல்லயே."

கொப்பியைத் திரும்பத் திறந்தேன். ஈரத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது.